ஒரு ‘ப்’ போட்ட கதை

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு வெள்ளைத் தாள் என் மேசைக்கு வந்தது. பொங்கலை ஒட்டி எங்கள் தெருவில் நடக்கவிருக்கும் கேரம் போட்டிக்கான பேனர் வாசகம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் டீச்சரம்மா ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று கொண்டு வந்திருந்தார்கள்.

டீச்சரம்மா என்பது நான்தான். வாழ்நாளில் ஒரு வகுப்பறையிலும் பாடம் நடத்தியதில்லை. 1988 முதல் 2022 வரை ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்தினேன், அவ்வளவுதான். ஆனால் தண்டையார்பேட்டையில் கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமாக வாசலில் உட்கார்ந்து எதையாவது படித்துக்கொண்டிருக்கும் பெண் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று தெரு முடிவு செய்துவிட்டது. முதல் பத்து வருடம் மறுத்துப் பார்த்தேன். பிறகு கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கூழ் ஊற்றும் நோட்டீஸ் என்று எல்லாம் என்னிடம் வரத் தொடங்கியதும் பேசாமல் இருந்துவிட்டேன்.

தாளில் வழக்கமான பிழைகள்தான். ‘மாபெறும்’ என்று இருந்ததை ‘மாபெரும்’ ஆக்கினேன். ‘நுழைவு கட்டணம்’ என்பதற்கு நடுவே ஒரு ‘க்’ சேர்த்தேன். ஐந்தாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

‘15 முதல் 17 வயது வரை: வாலிபர் பிரிவு போட்டி.’

தாளைக் கொண்டு வந்தவர் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வயது 39. தெரு நற்பணி மன்றத்தில் இளைஞர் செயலாளர். நாற்பதை எட்டிப் பிடிக்கப்போகும் மனிதர் இளைஞர் செயலாளராக இருப்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சிரிப்பு வராது. கட்சிகளின் இளைஞர் அணிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ‘வாலிபர்’ என்ற சொல்லை நான் ஏன் இத்தனை நேரம் முறைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்திருக்க வேண்டிய ஆள் இந்த ஊரில் இருந்தால் அது அவர்தான். அவரோ பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

செய்தித்தாள் மொழியில் 15-லிருந்து 25 வயதுக்குள் இருக்கும் ஒருவருக்கு நான்கைந்து பெயர்கள் உண்டு. எதை எப்போது போடுவது என்று எழுதி வைத்த விதி எதுவும் எங்கள் அலுவலகத்தில் இருந்ததில்லை. ஆனாலும் யாரும் மாற்றிப் போட்டதாக எனக்கு நினைவில்லை. கிணற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றினால் அவர் ‘இளைஞர்’. அதே ஆள் செயின் பறித்தால் ‘வாலிபர்’. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டுச் செத்து, யாரென்று தெரியாமல் கிடந்தால் அப்போதும் வாலிபர்தான்: ‘அடையாளம் தெரியாத வாலிபர்’. காதலித்தால் வாலிபர், அவர் காதலித்த பெண் ‘இளம்பெண்’. அந்தப் பெண்ணுக்கு 22 வயதாகி இரண்டு குழந்தைகள் இருந்தாலும் இளம்பெண்தான். நல்ல மதிப்பெண் எடுத்தால் ‘மாணவர்’. பங்களா வீட்டுப் பிள்ளை காரை யார் மேலாவது ஏற்றினால் அவனுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் கிடையாது. ‘தொழிலதிபர் மகன்’ என்று ஓர் அப்பா வந்து முன்னால் நிற்பார். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று எங்கள் வடசென்னை முகவரி வந்தால் அப்பா வர மாட்டார். வாலிபர் தானாக வந்து உட்கார்ந்துகொள்வார்.

பிரதிப்பெயரும் இப்படித்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கைதானவனுக்கு ‘அவன்’. கைது செய்தவருக்கு ‘அவர்’. நடுவில் ஒரு சமயம் கைதானவருக்கும் ‘அவர்’ போட ஆரம்பித்தோம். இதை எழுதும்போதும் எனக்கு அதே தடுமாற்றம் இருக்கிறது. இந்தக் கதையில் வருகிறவருக்கு அப்போது 17, இப்போது 39. அப்போதைக்கு அவன், இப்போதைக்கு அவர் என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. இளைஞருக்குப் பெண்பால் வழக்கில் இல்லை. ‘இளைஞர்கள் வேலைவாய்ப்பு முகாம்’ என்றால் பெண்களும் வரலாம் என்பது பொருள்; ஆனால் படத்தில் பையன்கள்தான் நிற்பார்கள். ஒருமுறை ஒரு துணை ஆசிரியர் ‘இளைஞி’ என்று எழுதி அனுப்பினார். புதுச்சொல், காதுக்கு ஒட்டவில்லை என்று நானே வெட்டினேன். இன்று வந்தால் விட்டுவிடுவேன்.

‘மைனர்’ என்று ஒன்று. ‘மைனர் பெண் கடத்தல்’ என்று போட்டால் 18 வயது ஆகாத பெண். பெண்ணை எடுத்துவிட்டு ‘மைனர்’ என்று மட்டும் போட்டால் பட்டு ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, வாயில் வெற்றிலை, பெரிய வீட்டுச் சொத்தைக் கரைக்கும் ஓர் ஆண். சட்டப் புத்தகத்திலிருந்து புறப்பட்ட ஒரே சொல், பெண்ணிடம் போனால் பாவம் ஆகிறது, ஆணிடம் போனால் பவிசு ஆகிறது. அந்த ஆணுக்கு ஐம்பது வயதானாலும் மைனர்தான்.

சரி, 2003-க்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். இப்போது கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அப்போது 45 நாள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விசைப்படகுகளை எல்லாம் கரையில் கட்டிப்போட்டுவிடுவார்கள். காசிமேடு துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சும்மா நிற்கும். படகில் கூலிக்குப் போகிற வீடுகளில் அந்த மாதங்களில் அடுப்பு எரிவது கடனில்தான். எங்கள் தெரு முனையில் அன்னக்கூடையில் மீன் வைத்து விற்கும் அக்கா, வஞ்சிரமும் சங்கராவும் வராத நாட்களில் காரப்பொடியும் நெத்திலியும் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய மகன் 17 வயதில், நிறுத்தியிருந்த ஒரு படகிலிருந்து டீசல் கேன் எடுத்தான். ஒரு கேன். கூட இரண்டு பேர் இருந்தார்கள்.

செய்தி இரவு ஒன்பதரைக்கு வந்தது. நிருபர் தொலைபேசியில் சொல்ல, ஒருவர் கேட்டு எழுதி, கணினியில் எழுத்துக் கோக்கும் டிடிபி பிரிவில் அடித்து, நீளத் துண்டாக என் மேசையில் விழுந்தது. எட்டு வரி. தெருவின் பெயரைப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி என்று தவறாக இருந்ததால் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டேன். பையனை எனக்கு வீட்டுப் பெயரால்தான் தெரியும். பள்ளிக்கூடப் பெயர் தெரியாது. அந்த வரி இன்றும் மனப்பாடம்: பெயர், அடைப்புக்குறிக்குள் 17, பிறகு ‘என்ற வாலிபரை போலீசார் கைது செய்தனர்’.

இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும். ‘வாலிபரை’ என்பதன் வாலில் ஒரு ‘ப்’ சேர்த்து, ‘வாலிபரைப் போலீசார்’ என்று திருத்தினேன். ஓரத்தில் கையெழுத்துப் போட்டு அடுத்த துண்டை எடுத்தேன்.

அந்த எட்டு வரியில் பிழை அதுவாக இல்லை. 1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு வரம்பு 16, பெண் பிள்ளைக்கு 18. அதன்படி 17 வயதுப் பையன் பெரியவன், பெயரைப் போடலாம். 2000-இல் வந்த புதுச் சட்டம், 2001 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, இருவருக்கும் 18 என்று ஆக்கியது. அதற்குப் பிறகு 17 வயதுக்காரரின் பெயரையோ முகவரியையோ பள்ளியையோ அடையாளம் தெரியும்படி எதையும் அச்சிடக்கூடாது. சட்டம் மாறி இரண்டு வருடம் ஆகியும் எங்கள் கை மாறவில்லை. நிருபர், துணை ஆசிரியர், நான் என்று மூன்று ஜோடிக் கண்கள் அந்த 17-ஐப் பார்த்தன. அவர்கள் இருவரையும் பற்றி எனக்குப் பேச்சில்லை. எண்களைச் சரிபார்ப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

மறுநாள் மாலை மீன்கார அக்கா வந்தார். நாளிதழை நான்காக மடித்து, இடுப்பில் செருகியிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தெருக்குழாயடியில் யாரோ உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

“வாலிபர் என்றால் என்ன டீச்சரம்மா? கல்யாணம் கட்டுகிற வயதா?”

இளவயதுக்காரர் என்று பொருள் என்றேன்.

“அவன் பிள்ளை டீச்சரம்மா. உங்களுக்குத் தெரியாதா? பிள்ளை என்றுதானே போட வேண்டும்?”

பிறகு தாளை விரித்து என் முன்னால் வைத்து, சிவப்புப் பேனாவைக் கண்ணால் காட்டினார். தப்பைத் திருத்துவதுதானே உங்கள் வேலை, இதைத் திருத்திக் கொடுங்கள் என்றார். அச்சான பிறகு திருத்த முடியாது அக்கா என்றேன். அப்படியானால் உங்களுக்கு எதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்தச் செய்தி என் மேசை வழியாகத்தான் போனது என்பதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. சொல்லாமலே போய்விட்டது.

அதற்குப் பிறகு இந்த வயதுக்கான சொற்களைப் பொறுக்குவது எனக்கு ஒரு வியாதியாகப் போனது. மெய்ப்புப் பிரிவில் ஒரு பழைய மர அலமாரி நிறைய அகராதிகளும் இலக்கண நூல்களும் இருந்தன. பக்கங்கள் வரத் தாமதமாகும் இரவுகளில் எடுத்துப் படிப்பேன். மீன்கார அக்கா சொன்ன சொல்லிலிருந்து ஆரம்பித்தேன். தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்கள் என்று ஒன்பதை வரிசையாகச் சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எடுத்த எடுப்பிலேயே இதைத்தான் சொல்கிறது. எதற்கு எதைச் சொல்லலாம், எதற்குச் சொல்லக்கூடாது என்று அடுத்தடுத்து வரையறையும் செய்கிறது. எங்கள் அலுவலகத்தில் இல்லாத விதிப் புத்தகம்.

பிள்ளைக்கு இருக்கும் இடம் வேறு எதற்கும் இல்லை. அணிலைப் பிள்ளை என்கிறோம், கீரியையும் கிளியையும் என்கிறோம். மாமரத்துக்கும் வாழைக்கும் கன்று; தென்னைக்கு மட்டும் பிள்ளை. சாமிக்கு ‘ஆர்’ சேர்த்துப் பிள்ளையார். சாதிப் பட்டமாகவும் நிற்கிறது. இத்தனை மரியாதை உள்ள சொல்லை எங்கள் பகுதிப் பையன்கள் தங்களுக்குள் பன்மையில் உருட்டிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆறேழு வருடம் முன்பு அது கானாப் பாட்டு வழியாகவும் கைப்பேசி வழியாகவும் ஊரெல்லாம் போனது: ‘புள்ளிங்கோ’. போன இடத்தில் அதன் பொருள் மாறிவிட்டது. நெற்றியில் சரியும் சாயம் பூசிய முடி, ஒட்டிய கால்சட்டை, வாடகை பைக், வேலை வெட்டி இல்லாதவன் என்று ஒரு முழு உருவத்தை அந்தச் சொல்லுக்குள் திணித்து எங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு முடிவெட்டும் கடைகளுக்குப் போய், அந்த மாதிரி வெட்டிவிடாதீர்கள் என்று சில இடங்களில் பள்ளித் தலைமையாசிரியர்களே கேட்டுக்கொண்ட செய்திகளும் வந்தன. நான் திருத்தியிருக்கிறேன். உள்ளே ‘பிள்ளைகள்’ என்ற சொல் இருக்கிறது என்பது அதை வசையாகச் சொன்னவர்கள் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

சொற்கள் விழுவது புதிதல்ல. சிறுவனும் சிறுக்கியும் ஒரே ‘சிறு’விலிருந்து வந்தவர்கள். சிறுவன் செய்தித்தாளில் ஏறிவிட்டான். சிறுக்கி குழாயடிச் சண்டையில் கிடக்கிறாள். பையனும் பயலும் அப்படித்தான். ‘நம்ம பையன்’ என்றால் அணைப்பு. ‘அந்தப் பயல்’ என்றால் தள்ளி நிறுத்துவது. எங்கள் பிரிவில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சில வருடம் வேலை பார்த்தார். அவர் வாயில் பெடியனும் பெட்டையும் பையனையும் பெண்ணையும் குறிக்கும் சாதாரணச் சொற்கள். ‘என்ர பெட்டை எட்டாம் வகுப்பு’ என்று அவர் சொன்ன அன்று நாங்கள் நான்கு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். எங்களுக்குப் பெட்டை என்றால் கோழி.

எங்கள் தெருவுக்கே உரியது ஒன்று உண்டு. இங்கே பாதி வீடுகளில் தெலுங்கு புழங்கும். சின்னப் பையன்களை ‘நைனா’ என்று கூப்பிடுவது அந்த வழி வந்தது. தெலுங்கில் அது அப்பா. கடையில் மிட்டாய் கேட்டு அழுகிற மூன்று வயதுக்காரனை அப்பா என்று கூப்பிட்டுச் சமாதானம் செய்கிறோம். தமிழிலும் ‘என்னப்பா’, ‘வாம்மா’ என்று பிள்ளைகளைத்தான் சொல்கிறோம். தாத்தாவின் பெயரை வைத்துக்கொண்டு பிறப்பதால் பெயரன், அவன்தான் பேரன். பெரியவர்களின் பெயரை இரவல் கொடுக்காமல் ஒரு குழந்தையைக் கூப்பிட எங்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. பன்னிரண்டு வயதில் பையன் ‘சின்னப் பையன்’. அதே வயதில் அவன் அக்காவோ தங்கையோ ‘பெரிய பெண்’ ஆகிவிடுவாள். சொல்லோடு நிற்பதில்லை, தெரு முனையில் இருபதடிக்கு மஞ்சள் நீராட்டு விழா பேனர் நிற்கும். அந்த பேனர்களையும் நான்தான் திருத்துகிறேன். ‘பூப்புனித’ என்பதில் ‘ப்’ வருமா என்று கேட்டு வருகிற தகப்பன்களிடம், வரும், ஆனால் பேனரே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த ‘ப்’பை மட்டும் ஏற்றுக்கொள்வார்கள்.

அரசாங்கமும் சொல் தேர்வு செய்கிறது. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம், 2022 செப்டம்பரில் எங்கள் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. பெயர் ‘புதுமைப் பெண்’. 2024-இல் மாணவர்களுக்கும் அதே தொகை வந்தது. பெயர் ‘தமிழ்ப் புதல்வன்’. இரண்டும் நல்ல திட்டங்கள், எங்கள் தெருவிலேயே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மெய்ப்புத் திருத்தும் கண்ணுக்கு ஒன்றுதான் உறுத்தியது. அவள் பெண், அவன் மகன்.

செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பழைய பாட்டியல் நூல்களில் வயதுக் கணக்கே உண்டு. பெண்களுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பலருக்கும் தெரிந்த வரிசைதான். கடைசிப் பருவம் 32-லிருந்து 40 வரை. எனக்கு 32 முடிந்த அன்று பிரிவில் கேக் வெட்டிப் ‘பேரிளம்பெண்ணுக்கு வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தார்கள். ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதாமல் விட்டதற்காக மன்னித்தேன். ஆண்களுக்கான வரிசை அவ்வளவாகத் தெரிவதில்லை. பன்னிரு பாட்டியல் சொல்கிறது: 7 வரை பாலன், 10 வரை மீளி, 14 மறவோன், 15 திறலோன், 16 காளை, அதற்கு மேல் 30 வரை விடலை. முப்பது தாண்டினால் முதுமகன். நடுவில் நடுத்தர வயது என்று சமாதானம் சொல்ல இடமே கிடையாது.

சங்கப் பாட்டில் விடலை என்றால் பாலை நிலத்துத் தலைவன். வேல் ஏந்தி, சுரம் கடந்து, காதலியை அழைத்துப் போகிறவன். இன்றைக்கு ‘விடலைப் பையன்’ என்றால் முகப்பருவும் அசட்டுத்தனமும். தென் மாவட்டங்களில் கோயில் வாசலில் சிதறடிக்கும் தேங்காய்க்கும் விடலை என்றே பெயர். 2003-இல் ஒரு கேன் டீசலோடு நின்றவன் இந்தக் கணக்குப்படி காளையைத் தாண்டி விடலையில் கால் வைத்தவன். இந்தியாவின் 2014-ஆம் ஆண்டு இளைஞர் கொள்கைப்படி, 15-லிருந்து 29 வரை இளைஞர் என்பதால், அவன் இளைஞன். ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கில் 24 வரைதான், அதிலும் இளைஞன். இன்றைய தொழிலாளர் சட்டத்தில் 14-லிருந்து 18 வரை ‘வளரிளம் பருவத்தினர்’. கல்யாணச் சட்டத்தில் 21 ஆகும் வரை தகுதி இல்லாதவன். ஓட்டுக்கு 18. (அந்த 18-கூட 1989-இல்தான் வந்தது. 1984 டிசம்பர் தேர்தலில் எனக்கு 20 வயது. 21 ஆகவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட தலைமுறை நான். என் தம்பி 1989 நவம்பரில் 19 வயதில் மை வைத்த விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டினான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.)

குற்றச் சட்டத்தில் அவனுக்குப் பெயர் ‘இளஞ்சிறார்’. இளமையான சிறார் என்றால் முதுமையான சிறார் யார் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பிறகு 2015-இல் வந்த சட்டம் ஆங்கில மூலத்தில் அந்தப் பழைய சொல்லைத் தள்ளிவைத்துவிட்டுக் ‘குழந்தை’ என்று ஆக்கியது; தமிழில் ‘சட்டத்துடன் முரண்பட்ட சிறார்’ என்று எழுதுகிறோம். நாவில் புரளாத நீளம்தான். ஆனால் குற்றவாளி என்ற சொல் அதில் இல்லை. அதே சட்டம்தான், 16 முடிந்தவர் மிகக் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், முதலில் ஒரு மதிப்பீடு செய்து, பெரியவரைப் போல விசாரிக்கலாம் என்று கதவையும் திறந்து வைத்தது. சொல்லில் ஒரு படி கீழிறங்கிக் குழந்தையிடம் வந்துவிட்டு, பொருளில் ஒரு படி மேலே ஏறிக்கொண்டது. அவர்களைக் கொண்டுபோய் வைக்கும் இடத்துக்குச் சீர்திருத்தப் பள்ளி என்ற பழைய பெயரும் மாறிவிட்டது, ‘கூர்நோக்கு இல்லம்’. கூர்ந்து நோக்குவது. இந்தப் பெயரை யார் வைத்தாரோ, என் வேலைக்கும் அதே பெயரை வைத்திருக்கலாம்.

கேரமுக்கு வருகிறேன். வடசென்னையில் கேரம் பலகை இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தெருவிளக்குக் கம்பத்தடியில், மன்றத்துக் கொட்டகையில், தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு ஆடுவார்கள். மாவு பூசிய விரல்களோடு நள்ளிரவு வரை இருக்கும் அந்தக் கூட்டத்தைக் காவல் வண்டி கலைத்துவிட்டுப் போகும். வண்டி திரும்பியதும் மறுபடி கூடும். 2008-இல் பிரான்சின் கான் நகரத்தில் உலகச் சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்போது காசிமாவுக்கு வயது 17. எல்லாச் செய்தித்தாள்களையும் வாங்கி வந்து, ஓய்வு பெற்ற பிறகும் விடாத பழக்கத்தில், என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். வீராங்கனை, மாணவி, தமிழ்நாட்டின் மகள். அந்த 17 அடைப்புக்குறிக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம் போலிருந்தது.

அந்த வெற்றிக்குப் பிறகுதான் எங்கள் தெருவிலும் போட்டி நடத்தும் ஆசை வந்தது. முன்னால் நின்று வசூல் செய்து, பலகை நான்கு வாங்கி, பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கியவர் எதிரே டீ குடித்துக்கொண்டிருக்கும் இந்த மனிதர். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு. சிவப்புக் காயை மூலைக்குத் தள்ளுவதில் தெருவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

நான் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன். “இந்தச் சொல் வேண்டாமே தம்பி. வேறு ஏதாவது போடலாம். மாணவர் பிரிவு என்று போடலாமா?”

“படிப்பை நிறுத்திய பிள்ளைகளும் ஆட வருகிறார்கள் டீச்சரம்மா. மாணவர் என்று போட்டால் வர மாட்டார்கள்.”

“இளையோர் பிரிவு?”

“அது சின்னப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது. வாலிபர் என்பதில் என்ன தப்பு? எங்கள் சர்ச்சில் வாலிபர் கூட்டம் என்றுதான் சொல்வோம். நான் அந்த வயதில் கிடார் வாசித்ததே அங்கேதான். பைபிளில் இருக்கிற சொல்.”

இருக்கிறது. பிரசங்கி புத்தகம், பதினொன்றாம் அதிகாரம், ‘வாலிபனே’ என்று கூப்பிட்டு, இளமையில் சந்தோஷப்படச் சொல்கிறது. சுவர்களில் இடதுசாரி வாலிபர் சங்கத்தின் எழுத்தும் சின்ன வயதிலிருந்து நான் பார்த்ததுதான். இருபத்திரண்டு வருடமாக எனக்கு அந்தச் சொல்லில் ஐந்தாம் பக்கத்து எட்டு வரி மட்டும் தெரிந்திருக்கிறது. அவருக்கு அதில் ஞாயிற்றுக்கிழமையும் கிடாரும்.

சொல்லிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். அந்த டீசல் கேன் செய்தி, அந்தச் சொல், பெயர், 17, எல்லாம் என் கையெழுத்தோடு போனது என்றேன். அவர் குவளையைக் கீழே வைத்தார்.

“பேப்பரில் வந்தது தெரியும் டீச்சரம்மா. அம்மா அதைக் காட்டவே இல்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்து, அப்புறம் என்ன செய்தார்களோ தெரியாது. என்ன போட்டிருந்தது?”

வரியைச் சொன்னேன். ஒரு சொல் பிசகாமல்.

அவர் கொஞ்ச நேரம் கேரம் பலகை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “என் பெயரைச் சரியாகப் போட்டிருந்தார்களா?”

“சரியாகத்தான் இருந்தது. நான்தான் பார்த்தேன்.”

சிரித்தார். தாளை மறுபடி என் பக்கம் தள்ளி, எட்டு மணிக்குள் பேனர் கடை மூடிவிடும் என்றார்.

‘வாலிபர் பிரிவு போட்டி.’ வாலிபரை அப்படியே விட்டேன். ‘பிரிவு’க்கும் ‘போட்டி’க்கும் நடுவில் ஒரு ‘ப்’ சேர்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.